சூட்கேசில் போன மோட்டார் சைக்கிள்

ஸ்ரீஸ்கந்தராசாவின் டிரைவிங் லைசென்சைப் பறித்தது இராகு காலம்தான். வீட்டில் இதை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. வயது என்றார்கள், கண் என்றார்கள். நடந்தது வேறு.

எண்பது வயதானவர்களை லைசென்ஸ் புதுப்பிக்கக் கூப்பிட்டு, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மணிக்கூடு வரையச் சொல்வது கனடாவில் வழக்கம். ஸ்ரீஸ்கந்தராசா மணிக்கூட்டை வட்டம் பிசகாமல் வரைந்தார். வரைந்ததோடு நிறுத்தாமல், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கும் உதவியாக இருக்கட்டும் என்று, அன்றைய இராகு காலத்தைப் பென்சிலால் கறுப்படித்துக் காட்டினார். இது என்ன என்று அவர் கேட்டார். அந்த நேரத்தில் ஒன்றும் தொடங்கக்கூடாது என்று இவர் விளக்கினார். அந்த அம்மா எதையோ எழுதிவிட்டு, இவரைக் காரோட்டிக் காட்டும் சோதனைக்கு அனுப்பினார். சோதனைக்குக் கிடைத்த நேரம் நேராக இராகு காலத்தில் வந்து விழுந்தது. ஸ்ரீஸ்கந்தராசா காருக்குள் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் திருத்தி, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். சோதிக்க வந்தவர் மரியாதையாகக் கேட்டார். இவரும் மரியாதையாகப் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஓடாத காரில் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அத்தோடு லைசென்ஸ் போயிற்று.

மகள் சாம்பவி மருந்துக்கடையில் வேலை, பார்மசிஸ்ட். மருந்து எண்ணிக் கொடுக்கிறவள் ஆதலால் எதையும் எட்டாத இடத்தில் வைக்கத் தெரிந்தவள். கார்த் திறப்பை எங்கே வைத்தாள் என்பது இன்றுவரை தெரியாது. மருமகன் பிரவீனன் எதிலும் தலையிடாத நல்ல மனிதன். அவனிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.

காரில்லாமல் போனதில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஒரே ஒரு கவலைதான். சனிக்கிழமை.

கனடாவுக்கு வந்த நாள் தொடங்கி, சனிக்கிழமைகளில் ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் பஸ்ரியனின் அப்பார்ட்மென்டில் அவர் 304 விளையாடுவார். நாலு பேர் சீட்டு. ஸ்ரீஸ்கந்தராசாவும் பஸ்ரியனும் ஒரு பக்கம், சண்முகநாதனும் றோயும் மறுபக்கம். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கலியாணம் கட்டிப் போனார்கள். பக்கம் மட்டும் மாறவில்லை. பஸ்ரியன் மூக்கைச் சொறிந்தால் கையில் என்ன தாள் இருக்கிறது என்று ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தெரியும். அது சண்முகநாதனுக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

பிக்கரிங்கில் மகளின் வீட்டுக்கு வந்தபிறகு அங்கே போக ஒரு கார் வேண்டும். சனிக்கிழமைகளில் சாம்பவிக்கு வேலை. கேட்டால் லீவு போட்டாவது கொண்டுபோய் விடுவாள். கேட்கத்தான் வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா பாதி ஸ்காபரோவைத் தன் காரில் ஏற்றி விமான நிலையத்தில் இறக்கியவர். ஒருநாளும் ஒருவரிடமும் "என்னைக் கொண்டுபோய் விடு" என்று கேட்டதில்லை. பெற்ற பிள்ளையிடம் கேட்பது அதிலும் கஷ்டம்.

இரண்டு மூன்று சனிக்கிழமை போகவில்லை. சண்முகநாதன் டெலிபோன் எடுத்தார். சுகம் விசாரித்தார். பிறகு, கட்டடத்தில் புதிதாக நிசாந்தன் என்று ஒருத்தர் குடிவந்திருக்கிறார், ஓய்வெடுத்த கணக்காளர், நன்றாக விளையாடுகிறார் என்றார்.

"இந்த மாதம் மட்டும் பார்ப்பம் சிறி அண்ணை. மூண்டு பேரா இருந்து எத்தினை நாளைக்குத் தேத்தண்ணி குடிக்கிறது? பிறகு கதிரையை நிசாந்தனுக்குக் குடுத்திடுவம்."

ஏதோ வெறும் நாற்காலியைச் சொல்வதுபோலக் கதிரை என்று அவர் சொன்ன விதம் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது.

அடுத்த ஞாயிறு சாம்பவியும் பிரவீனனும் அவரைப் பக்கத்து ஊரான அஜக்சுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு தெருவே சேர்ந்து கராஜ் சேல் போட்டிருந்தது. அவள் பூச்சாடி பார்த்துக்கொண்டு நின்ற வீட்டில், புல்லுக்கு மேல் ஒரு இரும்புச் சிலிண்டர் கிடந்தது. ஆள் ஒருவர் காலை மடக்கிப் படுக்கலாம் என்ற அளவு. பச்சைப் பெயின்ற் உரிந்திருந்தது. பக்கத்தில் கதிரை போட்டிருந்த வெள்ளைக்காரருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும்.

அவர் சொன்ன கதை இது. அவருடைய தகப்பன் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பரசூட்டில் குதித்த பிரிட்டிஷ் படையாள். குதித்தவர்கள் நிலத்தில் இறங்கியதும் வேகமாகப் போகவேண்டும் என்பதற்காக, மடிக்கக்கூடிய சின்ன மோட்டார் சைக்கிளைச் செய்து, அதை இந்தச் சிலிண்டருக்குள் அடைத்து, தனிப் பரசூட்டில் இறக்கிவிட்டார்கள். தகப்பன் ஒரு வயலில் விழுந்தார். மோட்டார் சைக்கிள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. வேகமாகப் போவதற்காகத் தந்த சாமானைத் தேடித் தகப்பன் நடக்கத் தொடங்கினார். வழியில் ஒரு பாலத்தைப் பிடித்தார்கள், இரண்டு ஊர்களைப் பிடித்தார்கள். மோட்டார் சைக்கிளைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அது ஒரு பாதிரியாரின் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. அதற்குள் சண்டை முடிந்துவிட்டது. நடந்த கோபத்தில் அதை இங்கே கொண்டுவந்து, ஒருநாளும் ஓடாமல் கராஜில் போட்டுவிட்டுச் செத்துப்போனார்.

ஸ்ரீஸ்கந்தராசா கதையை முழுதாகக் கேட்டார். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. பொய்யாக இருந்தால் இவ்வளவு நட்டத்தில் முடியாது என்பது அவருடைய கணக்கு.

அதை எதற்கு வாங்குகிறீர்கள் என்று சாம்பவி கேட்டாள். மழைத்தண்ணீர் பிடிக்க, தக்காளிக்கு ஊற்ற, என்றார். அவள் ஒரு தரம் சிலிண்டரைப் பார்த்தாள், ஒரு தரம் தகப்பனைப் பார்த்தாள். பிரவீனன் வானின் பின்கதவைத் திறந்து ஏற்றினான்.

திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போனபிறகு ஸ்ரீஸ்கந்தராசா பேஸ்மென்டில் சிலிண்டரைத் திறந்தார். மடிந்து சுருண்டு, தொட்டிலில் படுத்த பிள்ளைபோல அது உள்ளே கிடந்தது. கைபிடி இரண்டும் திருகிப் படிந்திருந்தன. சீற்றை அமத்தினால் உள்ளே போகும், இழுத்தால் வெளியே வரும். சக்கரங்கள் ஒவ்வொன்றும் இடியப்பத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. முழுதாக விரித்து நிமிர்த்தியபோதும் அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. ஏறி இருந்தால் முழங்கால் காதைத் தட்டும்.

பெற்றோல் தாங்கி என்ஜினுக்குக் கீழே இருந்தது. கீழே இருக்கிற பெற்றோல் தானாக மேலே ஏறாது. அதற்கு ஒரு சின்னப் பம்ப். ஊரில் மண்ணெண்ணெய் அடுப்புக்குக் காற்றடித்தவருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. உதைத்து ஸ்ராட் பண்ணுகிற கால் கிடையாது. தள்ளிக்கொண்டு ஓடி, ஏறவேண்டும். பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். லைற் என்ற பேச்சே இல்லை. எண்ணெய் கலந்த பெற்றோலை ஊற்றி, பம்ப் அடித்து, பேஸ்மென்டில் நீளவாக்கில் ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். எத்தனையோ வருடம் சும்மா கிடந்தது, முதல் தள்ளிலேயே பிடித்துக்கொண்டது. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார். நிறுத்தினார் என்பதைவிட மெஷின் நிறுத்தியது என்பது சரி.

குளியலறைத் தராசில் வைத்து நிறுத்தார். முப்பத்திரண்டு கிலோ. அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கொழும்புக்குப் போகிற சூட்கேசுக்கு ஒரு காலத்தில் விட்ட நிறை அது. பிரிட்டிஷ் படை வேறு என்னத்தை நினைத்துச் செய்ததோ, தமிழனின் சூட்கேசை அளந்துதான் செய்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. கட்டிலுக்குக் கீழே கிடந்த பெரிய சூட்கேசை எடுத்தார். கைபிடியில், விமான நிலையத்தில் அடையாளம் காணக் கட்டிய சிவப்பு ரிபன் அப்படியே இருந்தது. மோட்டார் சைக்கிளை மடித்து உள்ளே வைத்து ஸிப்பை இழுத்தார். ஏதோ தைத்து எடுத்ததுபோல மூடியது.

பஸ்ரியனுக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னார். அப்படியென்றால் இந்தச் சனிக்கிழமையே ஏறி வாருங்கள் என்றார் பஸ்ரியன். ஸ்ரீஸ்கந்தராசா முடியாது என்றார். பூசை செய்யாத வாகனத்தில் அவர் ஏறமாட்டார்.

"அண்ணை, அது சண்டைக்குப் போன சாமான். அதுக்கென்ன பூசை?"

"பூசை செய்யாததாலதான் பஸ்ரியன் ஆத்துக்கு அங்கால போய் விழுந்தது. உமக்கு விளங்காது, நீர் வேதக்காரர்."

"எங்கட சுவாமியாரும் கார் மந்திரிப்பார் அண்ணை."

"ஒரு சுவாமியாரின்ர கோழிக்கூட்டுக்குள்ளதானே அது கிடந்தது."

பூசையை முடித்துவிட்டு வாருங்கள் என்று பஸ்ரியன் டெலிபோனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை, சாம்பவி கடைக்குப் போனபிறகு, ஸ்ரீஸ்கந்தராசா வேட்டியைக் கட்டி, அதற்குமேல் குளிர்ச்சட்டையைப் போட்டு, சூட்கேசை உருட்டிக்கொண்டு புறப்பட்டார். பஸ்சில் பிக்கரிங் நிலையம், அங்கிருந்து ‘கோ’ என்கிற புறநகர் ரயில். சூட்கேசில் பெற்றோல் மணத்தது. யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக மேல் பைக்குள் ஒரு கருவாட்டுப் பார்சலை வைத்திருந்தார். அதன்பிறகு பெற்றோலை ஒருவரும் கவனிக்கவில்லை. ரயில் பெட்டியின் ஒரு பாதி முழுக்க அவருக்கே கிடைத்தது. கோயிலுக்குக் கருவாட்டுடன் போகக்கூடாதே என்ற நினைப்பு ரயிலால் இறங்கும்போதுதான் வந்தது. பார்சலை நிலையத்தில் பயணிகள் உட்காருகிற வாங்கில் வைத்துவிட்டுப் போனார். பின்னர் அந்த வாங்கை மூடி, சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்ததாகக் கேள்வி.

கோயிலில் மத்தியானப் பூசை முடிந்து குருக்கள் வெளியே வந்தார். வாகனம் எங்கே என்று கேட்டார். ஸ்ரீஸ்கந்தராசா கார் நிறுத்துமிடத்தில் சூட்கேசைப் படுக்கவைத்துத் திறந்தார். குருக்கள் குனிந்து பார்த்தார். எத்தனையோ லொறி, வான், ஒரு தடவை ஐஸ்கிறீம் வண்டி, ஒரு தடவை பனி அள்ளுகிற இயந்திரம் எல்லாம் பூசை செய்தவர். சந்தனம் குழைத்தார். பொட்டு வைக்க இடம் தேடிக் கண்டுபிடித்தார். மாலை மோட்டார் சைக்கிளைவிட நீளம், அதை இரண்டாக மடித்துப் போட்டார். தேங்காய் உடைத்தார். கற்பூரத்தைப் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மணந்து பார்த்து, நாலடி தள்ளி நின்று காட்டினார்.

கடைசியாகத் தேசிக்காய், சின்னப் பச்சை எலுமிச்சை. சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்கிக்கொண்டு புறப்படவேண்டும். அன்றைக்குக் கோயிலில் தேசிக்காய் முடிந்துவிட்டது. சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற பெரிய மஞ்சள் லெமன்தான் இருந்தது. குருக்கள் அதை முன்சக்கரத்துக்குக் கீழே வைத்தார். ஸ்ரீஸ்கந்தராசா தள்ளி, ஓடி, ஏறினார். என்ஜின் பிடித்தது. சக்கரம் லெமனில் முட்டியது. முட்டி, நின்றது. எதிரி நாட்டுக்குள் போய் இறங்கவென்று செய்த வாகனம் ஒரு லெமனைத் தாண்டமாட்டேன் என்றது.

மூன்று தரம் முயன்றார். மூன்றாந்தரம் லெமன் நசுங்கவில்லை, உருண்டு போயிற்று. மோட்டார் சைக்கிள் அதைத் துரத்தியது. ஸ்ரீஸ்கந்தராசா அதற்கு மேலே இருந்தார், வேட்டி காற்றில் விரிந்து நின்றது. குருக்கள் பின்னால் ஓடினார். லெமன் முன்னால் போனது. இப்படி மூன்று பேருமாகக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நல்லவேளை, வலம்தான். கொடிமரத்துக்கு நேரே வந்ததும் லெமன் தானாக வெடித்தது. பூசை நிறைவாக முடிந்தது என்று குருக்கள் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியது.

ஸ்ரீஸ்கந்தராசா மேலே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விளக்குக் கம்பத்தில் ஒரு கமெரா இருப்பது தெரிந்திருக்கும். கொரோனாக் காலத்தில் கோயிலுக்கு வரமுடியாதவர்களுக்காகப் பூட்டியது. நாள்தோறும் பூசை நேரலையாகப் போகும். உள்பூசை முடிந்தால் அது வெளிவீதியைக் காட்டிக்கொண்டு இருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. கில்ட்வூட் நிலையத்தில் இறங்கி, மோட்டார் சைக்கிளை விரித்து, வெறும் சூட்கேசைக் கயிற்றால் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டார். சூட்கேசும் தன் நாலு சில்லில் ஒழுங்காக வந்தது. காற்றில் அது பாரமில்லாமல் அங்குமிங்கும் ஆடியது ஒன்றுதான் குறை. நடைபாதையில் ஒரு மூதாட்டி நாயுடன் அவரைத் தாண்டிப் போனார். ஸ்ரீஸ்கந்தராசா மணி அடிக்க நினைத்தார், மணி இல்லை.

பாதித் தூரத்தில் ஒரு பொலிஸ் கார் விளக்குப் போட்டு நிறுத்தியது. இறங்கிய இளம் அதிகாரி லைசென்ஸ் கேட்டார். ஸ்ரீஸ்கந்தராசா என்ஜினை நிறுத்தினார். கைபிடிகளைத் திருகிப் படித்தார். சீற்றை அமத்தினார். சூட்கேசைத் திறந்து உள்ளே வைத்து, ஸிப்பை இழுத்து, நிமிர்ந்தார்.

"எதுக்கு லைசென்ஸ் கேக்கிறீங்கள்?" என்று இங்கிலீசில் கேட்டார்.

அதிகாரி தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு கிழவரும் ஒரு சூட்கேசும் நின்றார்கள். வயர்லெஸ்சில் யாரிடமோ ஆலோசனை கேட்டார்.  கடைசியில் அவரே சூட்கேசைத் தூக்கி, வந்த பஸ்சில் ஏற்றிவிட்டு, பயணம் நல்லபடியாக இருக்கட்டும் என்றார். எந்த நாட்டுக்கு என்று மட்டும் கேட்கவில்லை.

பஸ்ரியனின் வீட்டில் நிசாந்தன் அவருடைய கதிரையில் இருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா பக்கத்தில் போய் நின்றார். நிசாந்தன் எழும்பினார். கதிரை சூடாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இருந்துகொண்டார்.

முதல் ஆட்டம் முடிந்து அடுத்ததற்குத் தாள் எடுத்துப் பிடிக்கும்போது பஸ்ரியன் கைத்தொலைபேசியை நீட்டினார். அதில் ஒரு லெமன் ஓடியது, அதற்குப் பின்னால் ஸ்ரீஸ்கந்தராசா ஓடினார், அவருக்குப் பின்னால் குருக்கள் ஓடினார். ஸ்காபரோவில் பார்க்காத ஆளில்லை என்றார் றோய். லண்டனிலிருந்து தன் தங்கச்சி அனுப்பியதாகச் சண்முகநாதன் சொன்னார்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கையில் இருந்த தாள் மறந்துபோயிற்று. சாம்பவி தினமும் மத்தியானம், கடையில் சனம் குறைந்த நேரத்தில், கவுண்டருக்குக் கீழே கைத்தொலைபேசியை வைத்து அந்தக் கோயிலின் நேரலையைத்தான் பார்ப்பாள்.

ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். ஞாயிறு தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். திங்கள், செவ்வாய், ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கடையில் சனம் இருந்திருக்கும், பார்த்திருக்கமாட்டாள் என்று ஸ்ரீஸ்கந்தராசா முடிவு கட்டினார். பேஸ்மென்டில் சூட்கேஸ் வைத்தபடி இருந்தது. ஒருதரம் தூக்கிப் பார்த்தார். அதே பாரம்.

சனிக்கிழமை காலை அவள் வழமைபோல வேலைக்குப் புறப்பட்டாள். கொஞ்சம் பொறுத்து அவரும் புறப்பட்டார். பஸ், ரயில், கில்ட்வூட். நிலையத்து வாசலில் ஒரு மூலை பார்த்துச் சூட்கேசைத் திறந்தார்.

உள்ளே ஒரு பெரிய அரிசி மூட்டை இருந்தது. பக்கத்தில் ஒரு பை மா. இடைவெளியில் ஒரு பை பருப்பு, நிறையைச் சரிக்கட்டுவதற்காக.

வீட்டில் சூட்கேஸ் நிறுக்கிற கைத்தராசு இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மருந்து நிறுக்கிறவளின் வேலை, ஒரு கிராம் பிசகவில்லை.

அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குப் பிந்தினால் நிசாந்தன் இருந்துவிடுவார், சண்முகநாதன் சீட்டுப் போட்டுவிடுவார், பிறகு அந்தக் கதிரை அவ்வளவுதான். பஸ் தரிப்புக்கு நடந்தார். அரிசியை விட்டுவிட்டுப் போயிருந்தால் வேகமாகப் போயிருக்கலாம். அரிசியை எப்படி விடுவது? மூட்டை, மா, பருப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஒரு பஸ்சைத் தவறவிட்டு, அடுத்ததில் ஏறி, மோர்னிங்சைட்டில் இறங்கி, லிஃப்டில் ஏறி, பஸ்ரியனின் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் நிசாந்தன். அவர் நின்றுகொண்டிருந்தார். அப்படியானால் கதிரையில் யார்?

கதிரையில் சாம்பவி இருந்தாள். கையில் தாளை விசிறிபோலப் பிடித்திருந்தாள். எதிரே இருந்த பஸ்ரியனின் முகத்தில் ஸ்ரீஸ்கந்தராசா இதுவரை கண்டிராத ஒரு சந்தோசம் இருந்தது. சண்முகநாதனின் முகம் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை.

"வாங்கோ அப்பா," என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிந்திப்போனியள். உங்கட கதிரைக்கு ஆள் வந்திடுமெண்டு பஸ்ரியன் அங்கிள் சொன்னவர். நான் வந்து பிடிச்சு வைச்சிருக்கிறன்."

கோயில் வீடியோவைப் பார்த்த அன்றைக்கே அவள் பஸ்ரியனுக்கு டெலிபோன் எடுத்திருக்கிறாள். பஸ்ரியன் எல்லாம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை, சண்முகநாதன், நிசாந்தன், மோட்டார் சைக்கிள், பிரேக் ஒன்றுதான் என்பது, எல்லாம். இந்தக் கிழமையே கடையில் சனிக்கிழமை வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டாள். இனிமேல் எல்லாச் சனிக்கிழமையும் அவளுக்கு ஓய்வு.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"நீங்கள் ஏன் கேக்கேல்லை?"

றோய் தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகினார். நிசாந்தன் யன்னல் வழியாக எதையோ பார்த்தார்.

"உனக்கு 304 எங்கை தெரியும்?"

"கம்பஸில அப்பா. ஸ்காபரோ கம்பஸ் கன்ரீன்ல எங்கட பிள்ளையள் முழுக்க உதுதான். நாலு வருஷமும் லைப்ரரியில இருந்தனானெண்டு நினைச்சியளோ?"

ஸ்ரீஸ்கந்தராசா அப்படித்தான் நினைத்திருந்தார். படிக்கிற பிள்ளை பசியோடு இருப்பாளே என்று வடை சுட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டவர்கள் யார் என்று இப்போது விளங்கியது.

அவள் எழும்பப் போனாள். பஸ்ரியனின் முகம் வாடியது. வாடியதை ஸ்ரீஸ்கந்தராசா பார்த்தார். இத்தனை வருடச் சோடி.

"பஸ்ரியன், உமக்கு நான் இருக்கிறதோ, அவள் இருக்கிறதோ?"

"அண்ணை, நீங்கள் எனக்குச் சகோதரம் மாதிரி," என்றார் பஸ்ரியன்.  பிறகு தரையைப் பார்த்து, "இந்த ஆட்டம் மட்டும் முடியட்டுமே," என்றார்.

அந்த ஆட்டம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. சாம்பவி ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு, ஆட்டத்தைக் கேட்கிற ஏலத்தில் கேள்வியை ஏற்றிவிட்டாள், சண்முகநாதன் பயந்து விலகினார். ஸ்ரீஸ்கந்தராசா பஸ்ரியனின் குசினிக்குப் போனார். அங்கே அரிசி இல்லை என்று பஸ்ரியனே சாம்பவியிடம் டெலிபோனில் சொல்லியிருந்தாராம். சூட்கேசைத் திறந்து அரிசி அள்ளிக் கழுவி உலையில் போட்டார். பருப்பையும் ஏற்றினார். கழுவும்போதெல்லாம் காது முன்னறையில் இருந்தது. இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் துணிந்து கேட்கிறது என்று நினைத்தார்.

தேநீர் போடப் பார்த்தபோது பால் முடிந்திருந்தது. குசினி வாசலில் நின்று சொன்னார். பால் இல்லாத தேநீரை றோய் குடிக்கமாட்டார். ஆட்டத்தில் இருக்கிற யாரும் எழும்பத் தயாரில்லை. நிசாந்தனுக்கு முழங்கால் வருத்தம்.

சாம்பவி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா, அந்தச் சாமான் என்ர கார் டிக்கியில கிடக்குது. அது எப்பிடி ஸ்ராட் பண்ணுறது?"



"உனக்கென்னத்துக்கு?"

"சும்மா தெரிஞ்சுகொள்ளத்தான்."

"பம்ப் அடிக்கவேணும். பிறகு தள்ளிக்கொண்டு ஓடவேணும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "முன்னுக்குப் பிரேக் இல்லை."

"ஓம், அதுதானே உங்களை விடேல்லை," என்று சொல்லி, குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கதிரை வெறுமையாக இருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார். சண்முகநாதன் சீட்டைக் குலைத்துப் போட்டார். கீழே, கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்திலிருந்து உடுப்புத் தைக்கிற மெஷின்போல ஒரு சத்தம் கேட்டது. அது பிளாஸாப் பக்கம் போனது. வெகுநேரம் திரும்பி வரவில்லை. பால் கடை இரண்டு நிமிட நடை. பஸ்ரியன் யன்னலைப் பார்த்தார், ஸ்ரீஸ்கந்தராசா தாளைப் பார்த்தார். சத்தம் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று. பால் வாங்கியபிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு, மூன்றாம் சுற்றில் கைபிடியில் தொங்கி ஆடிய பால் பையை யன்னலால் கண்ட நிசாந்தனே சாட்சி.

அவள் மேலே வந்தபோது தலைமயிர் எல்லாம் குலைந்து, மூக்கு சிவந்திருந்தது. பாலைக் குசினியில் வைத்தாள்.   தகப்பன் கதிரையில் இருப்பதைக் கண்டாள். நடு ஆட்டத்தில் யாரையும் எழுப்பக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பின்னால் வந்து, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, அவருடைய தாளை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "அடுத்த கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?"

"பத்தரைக்கு முந்தி வேண்டாம், இராகு காலம்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, துரும்பை மேசையில் வைத்தபடி. "வரேக்கை அரிசியும் கொண்டுவருவம். உவையள் இண்டைக்கே முடிச்சுப்போடுவினம்."